நாற்பது வேலியின் விளைச்சல் யாருக்கு?

(நந்தன் சரித்திரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

ஒரு நூலை ஆராயப் புகுவோர் அதன் சொல்லழகையும் இசையினிமையையும் எடுத்தோதிவிட்டு அமைந்துவிடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கமாக இருந்து வருகின்றது. அதுவும் பக்திச்சுவை பொருந்திய நூலாயின், அவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டாம், கேட்டுக் கண்ணீர் விட்டாற்போதும் என்று சொல்லிவிடுவார்கள். கண்ணீர் விடுவது குற்றமன்று. ஆனால் எதன்பொருட்டுக் கண்ணீர் விட்டோம், அது காய்ந்த பின்னர் நம் நிலைமை யாதாயிற்று, இடையில் இலாபம் அடைந்தவர் யார் என்று கேட்பதும் குற்றமாகாது. தோட்டப்புறத்துத் தமிழரும் பட்டணத்துத் தமிழரும் ஒருங்கே அறிந்த ஒரு கதையை முன்வைத்து இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கதை நந்தன் சரித்திரம்.

மதத்தின் பேரால் மக்களை அடக்கி வைத்தல் என்றவுடன், கையிற் சாட்டையோடு ஒருவன் நிற்பதாகவே பலரும் எண்ணிக்கொள்ளுகின்றார்கள். சாட்டை பிடித்த கை ஒரு நாள் ஓயும். பிடித்தவனும் இரவில் உறங்கியாக வேண்டும். ஓயாமலும் உறங்காமலும் காவல் புரிவது, அடக்கப்பட்டவன் தானே விரும்பிப் பாடும் பாட்டு. மனிதன் தன் உள்ளத்தே ஒரு தெய்வத்தை நினைந்து உருகுவது ஒரு சங்கதி. அத்தெய்வத்திற்கு மதில் எழுப்பி, வாயிலில் ஆள் நிறுத்தி, உள்ளே செல்ல இன்னாரிடம் உத்தரவு பெற்று வா என்பது முற்றிலும் வேறொரு சங்கதி. முதலாவது உள்ளத்தைப் பொறுத்தது. இரண்டாவது நிலத்தையும் கூலியையும் அதிகாரத்தையும் பொறுத்தது. நந்தன் கதையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நாம் இன்று அறிந்துள்ள கதை, கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றி 1861இல் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் நாடெங்கும் பரவியதாகும். கதை வருமாறு: ஆதனூரிலே ஒரு வேதியருக்குப் பண்ணையாளாக இருப்பவன் நந்தன். சிதம்பரம் சென்று திருவாதிரைத் தரிசனம் காணவேண்டுமென்பது அவன் ஆசை. ஆண்டையிடம் உத்தரவு கேட்கின்றான், ஏச்சுக் கிடைக்கின்றது. மீண்டும் மீண்டும் கேட்கின்றான். கடைசியில் ஆண்டை, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் ஓரிரவிலே முடித்துவிட்டுப் போ என்று, முடியாததொரு நிபந்தனையை விதிக்கின்றார். நந்தன் இறைவனை நினைந்து மயங்கி விழுகின்றான். சிவபெருமானின் பூதகணங்கள் இறங்கி உழுது நட்டு விளைவித்துவிடுகின்றன. பொழுது விடிந்து கதிர் முற்றிய வயலைக் கண்ட வேதியர் திகைத்து, நந்தன் காலில் விழுந்து, போய்வர விடையளிக்கின்றார். நந்தன் தில்லையெல்லையை அடைகின்றான்; கோயிலுள் நுழைய இயலவில்லை. இறைவன் கட்டளைப்படி தீக்குழி வளர்க்கப்படுகின்றது. அதில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக வெளிப்பட்டு, சந்நிதியுள் சென்று மறைகின்றான்.

இக்கதையைக் காலட்சேபக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். மேடை நாடகமாகவும் இசைத்தட்டாகவும் அது பரவியது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வெளிவந்தது. அதற்காக அவர் ஒரு லட்சம் ரூபாய் பெற்றது அந்நாளிற் பெருஞ்செய்தி. 1942இல் ஜெமினியார் எம். எம். தண்டபாணி தேசிகரைக் கொண்டு மறுபடியும் படமாக்கினார்கள். ஒரே கதையை இத்தனை முறை ஒரு ஜனசமூகம் விரும்பிக் கேட்குமாயின், அக்கதை அச்சமூகத்தின் ஏதோ ஓர் ஆழ்ந்த தேவையைப் பூர்த்தி செய்கின்றதென்றே கொள்ளவேண்டும். அது யாருடைய தேவை?

இதை அறிய, கதையின் முந்திய வடிவத்தை நோக்குதல் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் புராணம் என்பது நந்தன் வரலாறு. சேக்கிழாரோ சோழன் அவையில் அமைச்சராயிருந்தவர் என்பது மரபு. அம்மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் என்பர். 1025ஆம் ஆண்டளவில் நம் கெடா மாநிலமாகிய பழைய கடாரத்தின்மீது படை செலுத்திய இராசேந்திரனின் மகள்வழி மரபில் வந்தவன். நூல் சிதம்பரத்தில் அரங்கேறியதென்றும், மன்னன் நூலாசிரியரை யானைமீதேற்றிச் சிறப்பித்தானென்றும் சொல்லுவர். ஆகவே இந்நூல் அரசும் ஆலயமும் கைகோத்து நின்ற இடத்திற் பிறந்த நூல் என்பதை மனத்திற் கொள்ளுவோமாக.

அப்பெரிய புராணத்திலே வேதிய ஆண்டை இல்லை! நாற்பது வேலி இல்லை. ஓரிரவு நிபந்தனையும் இல்லை. அங்கே நந்தன் எவர்க்கும் பண்ணையாளல்லன். ஊர்ப்பணிக்கென விடப்பட்ட நிலத்தின் வருவாயில் வாழ்பவன். கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வருபவன். திருப்புன்கூரில் அவன் வாயிலுக்கு வெளியே நின்றபோது, மறைத்திருந்த நந்தியை இறைவன் விலகச் செய்தான் என்பது அப்புராணம் கூறும் செய்தி. அதன்பின் தில்லைக்குப் போகவேண்டுமென்று எண்ணுகின்றான். அவனைத் தடுப்பவர் எவருமில்லை. தன் பிறப்பை நினைந்து தானே தயங்கி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கடத்துகின்றான். தீயில் மூழ்குதல் மட்டும் இங்கேயும் உண்டு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கின், சேக்கிழாரின் நந்தனுக்கு வாயிற்காவலன் தேவைப்படவில்லை என்பது புலனாகும். காவலன் நந்தன் நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கின்றான். அடக்குமுறை முற்றுப்பெற்றமைக்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை. எழுநூறு ஆண்டுகட்குப் பின் வந்த பாரதியாரோ, நெஞ்சில் மறைந்திருந்த காவலனை வெளியே இழுத்து வந்து, திண்ணையில் உட்கார வைத்து, அவன் வாயாலேயே வசைமொழி பேசவும் வைத்தார். இது சிறிய காரியமன்று. தஞ்சைத் தரணியில் பண்ணையாள் பட்ட பாட்டை, பிராமண குலத்திற் பிறந்த ஒரு புலவர், பண்ணையாளின் பக்கம் நின்று, அவன் கெஞ்சும் குரலிலேயே பாடினார். அந்த அளவில் அவர் நெஞ்சம் நந்தனுடையதே என்பதில் ஐயமில்லை. நாம் ஆராய வேண்டியது, அந்நெஞ்சம் கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதே.

அக்காலத்துப் புலவர்கள் இதை எங்ஙனம் எதிர்கொண்டார்கள் என்பதும் அறியத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், இந்நூலில் இலக்கணப் பிழைகள் இருந்தமையால் சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கினாரென்றும், பின்னர் பாரதியார் தமக்குள்ளே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உருகிப் பாயிரம் அளித்தாரென்றும் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கின்றார். பிழை கண்டது இலக்கணத்தில். அப்பிழையை மறக்கச் செய்தது இசை. நாற்பது வேலியின் விளைச்சல் யார் களஞ்சியத்திற்குப் போயிற்று என்னும் கேள்வி எழாமலே போயிற்று.

அக்கேள்வியை நாம் எழுப்புவோம். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஒரு கதையைக் கேட்டாலும் வரவு செலவு பார்க்கும் வழக்கம் என்னை விடுவதில்லை. ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி ஏறத்தாழ 266 ஏக்கர். ஒரு சிறு ரப்பர்த் தோட்டத்தின் பரப்பு. அவ்வளவு நிலமும் ஒரே இரவில் உழப்பட்டு, நடப்பட்டு, விளைந்து நிற்கின்றது. இவ்வேலை எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. கூலி ஒரு மரக்கால் நெல்லும் இல்லை. வேலை செய்தவர்கள் பூதகணங்கள். வேலை வாங்கியவர் வேதியர். ஆண்டை நந்தன் காலில் விழுந்தாரென்று கதை கேட்போர் மகிழ்ந்துபோகின்றார்கள். விழுந்தவர் எழுந்தபோது நிலமும் அவருடையது, விளைச்சலும் அவருடையது. அவர் கொடுத்தது ஒரு வணக்கமும், சில நாள் விடுப்பும். இறைவனே இறங்கி வந்து பண்ணையாளுக்குச் செய்த உதவி யாதெனில், முதலாளியின் அநியாயமான நிபந்தனையை அணுவும் பிசகாமல் நிறைவேற்றிக் கொடுத்ததுதான். நிபந்தனை தவறென்று வானத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

இரண்டாவது, நாளை என்னும் சொல். நந்தனுக்குத் திருநாளைப்போவார் என்பது பெயர். நாளைக் கடத்தியது அவன் துன்பம். அத்துன்பத்தின் முன்னே 'திரு' என்னும் அடைமொழியைச் சேர்த்து அதனையே பட்டமாக்கிவிட்டார்கள். காத்திருப்பவனுக்குக் காத்திருத்தலையே புண்ணியமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால், காக்க வைத்தவனைக் கேட்பார் யார்? கூலி உயர்வு அடுத்த ஆண்டு, வீடு அதற்கடுத்த ஆண்டு, நிலம் அடுத்த தலைமுறைக்கு என்று கேட்டுப் பழகிய தோட்டத்து மக்களுக்கு இப்பெயரின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நெருப்பு. தீட்டு என்று சொன்னவர்கள் ஒருபுறம், சொல்லப்பட்டவன் மறுபுறம். தூய்மை செய்யப்பட வேண்டியவர் யார்? கதை தயக்கமின்றி நந்தனையே தீயில் இறக்குகின்றது. அன்றியும், தீயிலிருந்து நந்தன் நந்தனாகவே வெளிவரவில்லை, பூணூலோடு வருகின்றான். கோயிலுள் நுழைந்தவன் ஒரு முனிவன். ஆதனூர்ச் சேரியான் வெளியிலேயே நின்றுவிட்டான். அவன் உற்றார் உறவினர் எவருக்கும் அன்று கதவு திறக்கவில்லை. ஒருவன் உயர்த்தப்பட்டான், விதி அப்படியே காப்பாற்றப்பட்டது. 'பார், எங்கள் மதத்தில் நந்தனுக்கும் இடமுண்டு' என்று சொல்லிக்கொள்ள ஓர் உதாரணம் கிடைத்தது. அவ்வுதாரணத்தைக் காட்டியே எண்ணூறு ஆண்டுகள் ஏனையோரை வெளியில் நிறுத்த முடிந்தது.

இஃது இந்து மதத்திற்கு மட்டுமே உரிய குற்றமென்று எண்ணிவிடலாகாது. 1807ஆம் ஆண்டில், மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிஷாரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்களுக்கென்றே லண்டனில் ஒரு விவிலியப் புத்தகம் அச்சிடப்பட்டது. முழு விவிலியமன்று, தேர்ந்தெடுத்த பகுதிகள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களை மோசே விடுவித்து அழைத்துச் சென்ற வரலாறு அதில் இல்லை. எஜமானர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்குக் கூறும் பகுதி இருந்தது. அங்கே வேண்டாத பக்கங்களை நீக்கி ஒரு புத்தகத்தைச் செய்தார்கள். இங்கே நமது கதையில் ஆண்டையைச் சேர்த்தும், அவர் மனம் மாறியதைச் சேர்த்தும், விளைச்சற் கணக்கைச் சேர்க்காமலும் விட்டார்கள். பாரதியார் இதைச் சூழ்ச்சியாகச் செய்தாரென்று நான் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு செய்தாலும் பயன் ஒன்றாகவே முடிந்தது என்பதே என் கருத்து.

கரும்புத் தோட்டங்களைக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தில் அடிமைமுறை 1834இல் ஒழியத் தொடங்கியதும், அவ்விடத்தை நிரப்ப மோரீசுக்கும், 1838 முதல் கயானாவுக்கும் கப்பலேற்றப்பட்டவர்கள் இந்தியர்கள். அவர்களுள் தமிழரும் இருந்தனர். அதே ஏற்பாட்டின் மற்றொரு கிளைதான் மலாயாவுக்கு வந்தது. 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துள் வந்த கெடாவில் ரப்பர் பரவியபோது, கங்காணிகள் தங்கள் ஊர்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொணர்ந்தார்கள். வந்தவர்களோடு ஜாதியும் வந்தது. மாரியம்மனும் மதுரை வீரனும் முனியாண்டியும் வந்தார்கள். நந்தன் பாட்டும் வந்தது.

தோட்டத்துக் கோயிலைப்பற்றி அவதூறாக எழுதுவது என் எண்ணமன்று. பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட நின்று, பால் மரம் வெட்டி, லயத்துக்குத் திரும்பிய மக்களுக்கு ஆண்டில் ஒருமுறை வரும் திருவிழாதான் தாங்களும் ஓர் ஊரார் என்று நிமிர்ந்து நின்ற நாள். அதை அவர்களிடமிருந்து எவரும் பறித்துக்கொள்ள நியாயமில்லை. ஆனால் அந்நாளிலும் முதல் மாலை யாருக்கு விழுந்தது? துரைக்கு. அடுத்து? பெரிய கிராணிக்கும் கங்காணிக்கும். எங்கள் வகுப்பார்க்கு முன்வரிசையில் நாற்காலி. வெட்டுக்காட்டில் இருந்த வரிசை சந்நிதியிலும் பிசகாமல் இருந்தது. மாரியம்மன் சாட்சியாக ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டது என்றே சொல்லலாம்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்றுண்டு. அக்கோயில்களிற் பல நின்றது தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. துரையின் வாய்மொழி உத்தரவே ஆதாரம். தொழிலாளி எப்படி லயத்து வீட்டில் வேலை உள்ளவரை மட்டும் குடியிருந்தானோ, அப்படியே அவன் தெய்வமும் குடியிருந்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், வீட்டுமனைகள் எழுந்தும், மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தபோது, பல இடங்களில் கோயிலையும் அப்புறப்படுத்தச் சொல்லி ஓலை வந்தது. மூன்று தலைமுறை உண்டியலில் காசு போட்டவர்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று, கும்பிட்ட மண்ணும் தங்களுடையதன்று என்பது. நந்தன் ஆண்டையிடம் உத்தரவு கேட்டான். இங்கே தெய்வமே உத்தரவின் பேரில் குடியிருந்தது.

பாரதியாரின் நூலில், நந்தன் தன் சேரியாரிடம் ஊர்த்தேவதைகளை விட்டுச் சிவனைப் பற்றுங்கள் என்று வாதாடும் பகுதியும் இங்கே கருதத்தக்கது. அச்சிறு தெய்வங்கள் உயிர்ப்பலி கேட்டன என்பது உண்மை. அதை எவரும் புகழ வேண்டியதில்லை. எனினும், அவற்றைக் கும்பிட ஒருவரிடமும் உத்தரவு பெறவேண்டியதில்லை என்பதும் உண்மை. மரத்தடிக் கல்லுக்கு வாயிலும் இல்லை, காவலனும் இல்லை. நந்தன் அதை விட்டு, தன்னை உள்ளே விடாத சந்நிதியை நாடினான். நம் கெடாவிலும் மரத்தடி முனியாண்டிகள் கோபுரத்தின் கீழ் வந்துகொண்டிருக்கிறார்கள். கோபுரம் வருவது தவறன்று. அதனுடன் வாயிலும் வாயிற்காவலும் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

நிற்க. நம்மவர் எல்லாரும் நாளைப்போவாராகவே இருந்துவிடவில்லை என்பதையும் எழுதவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமாரையும் தோட்டத்து உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அக்கோரிக்கைகளில் ஒன்று. 1947இல் நம் கெடாவிலேயே, பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை இயங்கியது. கள்ளை விடச் செய்வதையும், தோட்டத்து மக்களிடையே ஒழுங்கையும் தன்மதிப்பையும் வளர்ப்பதையும் அப்படையினர் மேற்கொண்டார்கள். கள்ளுக்கடை மறியல் போலீஸாரோடு மோதலில் முடிந்தது. தொழிலாளர் அடிபட்டனர், பலர் சிறை புகுந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸார் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார்.

இதிலிருந்து ஒன்று தெரிகின்றது. தீமிதிக்கும் காவடிக்கும் தோட்டங்களில் விடுமுறை கிடைத்ததுண்டு. அதே மக்கள் உத்தரவு கேளாமல், கள் வேண்டாம் என்று வரிசையாக நின்றபோது தடியும் துப்பாக்கியும் வந்தன. தொழிலாளி தன்னுடலைத் தான் வருத்திக்கொள்வதில் அதிகாரத்துக்கு ஆட்சேபமில்லை. தன்னுடலுக்கும் கூலிக்கும் தானே எஜமானன் என்று அவன் சொல்லும்போதுதான் ஆட்சேபம் பிறக்கின்றது.

தாய்நாட்டில் நடந்ததும் இதற்குத் துணை. வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924, 1925 ஆண்டுகளில் மக்கள் போராடிச் சிறை சென்றார்கள், ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் சிறை புகுந்தார். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் சென்றார்கள். இவற்றில் எதிலும் தீக்குழி வளர்க்கவில்லை. உள்ளே சென்றவர் எவரும் பூணூலோடு திரும்பி வரவில்லை. போன உருவத்திலேயே வந்தார்கள். நெருப்பினாலன்றித் தீராது என்ற தீட்டு, போராட்டத்தினாலும் ஒரு கையெழுத்தினாலும் தீர்ந்துபோயிற்றென்றால், அது எந்நாளும் உடம்பின் தீட்டாக இருந்ததில்லை. உத்தரவு கொடுக்கும் கையில் இருந்த அதிகாரம் என்பது வெளிப்படை.

இதனைக் கண்ட எழுத்தாளரும் நம்மிடை உண்டு. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்னும் சிறுகதையில் ஆதனூரை 1930களுக்கு இழுத்துவந்து, தீக்குழி இருந்த இடத்தில் ரயிலை ஓடவிட்டார். இந்திரா பார்த்தசாரதி தம் 'நந்தன் கதை' நாடகத்தில், நெருப்பை இறைவன் கட்டளையாக விடாமல், மேல்ஜாதியாரின் சூழ்ச்சியாகவே காட்டினார். டாக்டர் அம்பேத்கர் 1948இல் தீண்டாதார் யார் என்பதை ஆராய்ந்து வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். மூவரும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலங்களிற் பிறந்த அடியார்கள். புராணத்தை ஒப்பாத அவரும் நந்தனைக் கைவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நந்தனைப் பாராட்டுவது வேறு, நந்தனைத் தீயில் இறக்கிய விதியைப் பாராட்டுவது வேறு.

இவர்கள் ஏட்டில் செய்ததைச் சிதம்பரத்திலேயே செயலிற் செய்தவர் சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த அத்துறவி, 1916இல் அவ்வூரில் நந்தன் பெயராலேயே ஒரு பள்ளியைத் தொடங்கி, சேரிப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். பின்னர் சட்டசபையிலும் அவர்களுக்காக வாதாடினார். நந்தன் எரிந்த ஊரில் நந்தன் பெயரால் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். இதனையே அக்கதைக்கு எழுதப்பெற்ற உரைகளிலெல்லாம் சிறந்த உரையென்று நான் கொள்ளுகின்றேன். நூறாண்டு கடந்தும் அப்பள்ளி நடந்து வருகின்றது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஓர் அன்பர், 'பக்தியிலே உயர்வு தாழ்வு இல்லை என்பதுதானே கதையின் சாரம்; அதனைக் கூலிக் கணக்காக்குவது முறையா?' என்று கேட்கக்கூடும். அவருக்கு நாம் பணிவோடு சொல்லுவது: உயர்வு தாழ்வு இல்லையெனில் உத்தரவு எதற்கு? தீக்குழி எதற்கு? கதை எதைச் சொல்லுகின்றதோ அதையே அதன் நிகழ்ச்சிகள் மறுக்கின்றன. நிகழ்ச்சியைப் பாடிக் காட்டிச் சாரத்தை வாயாற் சொல்லுவதனால், கேட்பவன் நெஞ்சிற் பதிவது நிகழ்ச்சியே. கெஞ்சுதல், காத்திருத்தல், எரிதல் என்னும் மூன்றையும் இன்னிசையோடு கற்றுக்கொண்டு அவன் வீடு திரும்புகின்றான்.

மற்றொருவர், 'அந்தக் காலம் மலையேறிவிட்டது. கங்காணியும் இல்லை, வெள்ளைத் துரையும் இல்லை' என்பார். உண்மைதான். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதை நிறுத்தியதோடு கங்காணி ஆள்சேர்ப்பு முடிவுற்றது. இன்று தோட்டங்களில் பேர் கொடுத்து நிற்போரிற் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் ஆவர். ஆனால் உத்தரவு கேட்டு நிற்கும் பழக்கம், ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் எளிதில் ஒழிவதில்லை. பட்டணத்துக்கு வந்த நம்மவர் கோயில் கமிட்டிக் கணக்கைக் கேட்கக் கூசுகின்றார்கள். கேட்டால், தெய்வ காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா என்று வாயை அடைப்பவரும் இருக்கின்றார்கள்.

ஆகவே தோழர்காள், நந்தன் சரித்திரத்தை நெருப்பிலிட வேண்டுமென்று நான் கூறவில்லை. நெருப்பு அக்கதையில் வேண்டுமளவு இருக்கின்றது. அதனைப் பாடுங்கள், நடியுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: விளைச்சல் யாருக்குப் போயிற்று? நாளை என்று சொன்னவன் யார்? தீயில் இறங்கியிருக்க வேண்டியவர் யார்? பள்ளிப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் விடையை நானே கேட்டிருக்கின்றேன். அவர்கள் ஒரு கணமும் தயங்குவதில்லை. அன்றியும், உங்கள் கோயில் நிற்கும் நிலத்துக்குப் பத்திரம் இருக்கின்றதா, அது யார் பெயரில் இருக்கின்றது என்று இவ்வாண்டுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். திருவிழாக் கணக்கைச் சபையிலே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தமிழ்ப்பள்ளிக்கு எழுதச் சொல்லுங்கள். இவற்றுக்கு ஒருவர் உத்தரவும் வேண்டியதில்லை.